ஒரே டேட்டாபேஸ், பலவிதச் சர்வர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸ் எஞ்சின் (டேட்டாவைச் சேமித்துத் தேடித்தரும் மைய மென்பொருள்) எழுதுபவர்களும், அதை உள்ளே வைத்துத் தங்கள் மென்பொருளை விற்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். லினக்ஸ், விண்டோஸ், கன்டெய்னர் (ஓர் இயந்திரத்துக்குள் மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி), கடை மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் என்று எங்கே வைத்தாலும் ஒரே மென்பொருள் ஓட வேண்டும் என்பதுதான் எல்லாருடைய தேவையும். உதாரணங்களைப் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் என்ற இரண்டு டேட்டாபேஸ்களிலிருந்தும் எடுத்திருக்கிறேன். இரண்டின் மூலநிரலும் எல்லாருக்கும் கிடைக்கிறது. நான் சொல்வதை நீங்களே பார்த்துச் சரிபார்க்கலாம்.

“எந்தச் சர்வரிலும் ஓடும்” என்று எப்போது சொல்லலாம்?

பல தளங்களில் கம்பைல் ஆனதுமே (நிரல் இயந்திர மொழிக்கு மாறியதுமே) அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். அது முதல் படி மட்டும்தான். 1983-ல் ஆரக்கிள் டேட்டாபேஸின் மூன்றாம் பதிப்பைச் சி மொழியில் திருப்பி எழுதியது, பலவகை இயந்திரங்களுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் காலத்தில் அதுவே மலையளவு வேலை. இன்று கம்பைலர் பெரிய தடை இல்லை. இன்றைய சிக்கல் நாம் கொடுக்கும் வாக்கில் இருக்கிறது. “கமிட் ஆகிவிட்டது”, அதாவது பதிவு நிலையாகச் சேர்ந்துவிட்டது என்று சொன்ன பிறகு மின்சாரம் போனாலும் அந்தப் பதிவு இருக்கும் என்ற வாக்கை, லினக்ஸிலும் விண்டோஸிலும் மேக்கிலும் ஒரே உறுதியோடு கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத இடத்தில், ஆரம்பிக்கும்போதே “இங்கே என்னால் ஓட முடியாது” என்று மென்பொருள் நின்றுவிட வேண்டும். எப்படியாவது ஓடிக்காட்டி, ஆறு மாதம் கழித்து டேட்டாவைத் தொலைப்பதை நான் வளைந்து கொடுப்பதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இயங்குதளத்தோடு பேசும் நிரலை எங்கே வைப்பது?

ஒரே இடத்தில். இதற்கு எஸ்கியூலைட்டை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ரிச்சர்ட் ஹிப் 2000-ல் அதை எழுதத் தொடங்கியபோது, அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தார். அந்த மென்பொருள் இன்ஃபார்மிக்ஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நம்பி இருந்தது. சர்வர் எழவில்லை என்றால் இதுவும் நிற்கும். தனியாக ஒரு சர்வரே தேவைப்படாத டேட்டாபேஸ் இருந்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. இன்று அது போனிலும் பிரவுசரிலும் விமானத்திலும் ஓடுகிறது என்றால், அதற்கு முக்கியக் காரணம் ‘விஎஃப்எஸ்’ என்ற மெல்லிய அடுக்கு. ஃபைலைத் திற, படி, எழுது, டிஸ்க்கில் இறக்கு, பூட்டு போடு, பூட்டை எடு என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில வேலைகள் மட்டும் அதில் இருக்கின்றன. இப்போது மணி என்ன, எனக்கு ஒரு ரேண்டம் எண் கொடு, கொஞ்ச நேரம் தூங்கு என்பவைகூட அந்த வாசல் வழியாகத்தான் போகின்றன. யூனிக்ஸுக்கு (லினக்ஸ், மேக் எல்லாம் இந்தக் குடும்பம்தான்) ஒரு ஃபைல், விண்டோஸுக்கு ஒரு ஃபைல். 2007-ல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுதிய விஎஃப்எஸ்-ஐச் செருகவும் முடியும். எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) படிக்கும் பகுதிக்கும், டேட்டாவை அடுக்கிவைக்கும் பி-ட்ரீக்கும் தாங்கள் எங்கே ஓடுகிறோம் என்பதே தெரியாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு லாபம் உண்டு. அதே வாசலில் பொய் சொல்லும் ஒரு விஎஃப்எஸ்-ஐ வைத்து, “டிஸ்க் நிறைந்துவிட்டது”, “பாதி எழுதும்போது கரண்ட் போய்விட்டது” என்றெல்லாம் நாமே நடத்திப் பார்க்கலாம். எஸ்கியூலைட் குழு இதை ஓயாமல் செய்கிறது. வாசலைச் சரியாக அமைத்தால் புதிய தளத்துக்குப் போவதும் சுலபம், சோதிப்பதும் சுலபம். இரண்டுக்கும் தனித்தனியாக உழைக்க வேண்டியதில்லை.

வாசலைக் கட்டிவிட்டால் எல்லாத் தளமும் ஒன்றுபோல ஆகிவிடுமா?

ஆகாது. பெயர் ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும். யூனிக்ஸில் ஃபைல் பூட்டு ஓர் உதாரணம். ஒரே பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) ஒரு ஃபைலை இரண்டு முறை திறந்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றை மூடினால், இன்னொன்றின் வழியாகப் போட்ட பூட்டும் சேர்ந்தே போய்விடும். யூனிக்ஸ் தளங்களுக்கான பொது விதியான போசிக்ஸே அப்படித்தான் இருக்கிறது. விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. இதற்காக எஸ்கியூலைட்டின் யூனிக்ஸ் பகுதி, பூட்டு இருக்கும்வரை ஃபைலை உண்மையில் மூடாமல் ஒரு பட்டியலில் தள்ளிவைக்கிறது. மேலே இருப்பவர் “மூடு” என்றால், கீழே இருப்பவர் “சரி” என்று சொல்லிவிட்டு நேரம் பார்த்து மூடுகிறார். இந்த மாதிரி வேலையெல்லாம் அந்த ஒரு ஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டும். மேலே கசிந்தால் உங்கள் நிரல் முழுக்க “இது லினக்ஸா, விண்டோஸா” என்ற கேள்விதான் நிறைந்திருக்கும்.

ஏற்கெனவே லினக்ஸுக்கு எழுதிய எஞ்சினை விண்டோஸுக்குக் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம்?

போஸ்ட்கிரெஸைப் பாருங்கள். 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய திட்டம், 1996-ல் இன்றைய பெயருக்கு வந்தது. நேரடியாக விண்டோஸில் ஓடும் பதிப்பு 2005 ஜனவரியில், 8.0 வெளியானபோதுதான் வந்தது. அதுவரை சிக்வின் என்ற யூனிக்ஸ் போர்வைக்குள் வைத்துத்தான் ஓட்ட முடிந்தது.

தடையாக இருந்தவற்றில் முக்கியமானது ‘ஃபோர்க்’. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிப் பிராசஸ் உண்டு. யூனிக்ஸில் தாய்ப் பிராசஸ் தன்னை அப்படியே நகலெடுத்துக் குழந்தையை உருவாக்கும். தாய்க்குத் தெரிந்ததெல்லாம் குழந்தைக்கும் தெரியும். விண்டோஸில் அந்த வசதி இல்லை. குழந்தை ஒன்றும் தெரியாமல் புதிதாகப் பிறக்கிறது. தாய் வைத்திருந்த முக்கியமான மதிப்புகளை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். பிராசஸ்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொது மெமரியையும் தாயிடம் இருந்த அதே முகவரியில் மறுபடி இணைக்க வேண்டும்.

இங்கே அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை எல்லாரும் பின்பற்றலாம். இந்த விண்டோஸ் பாதையை லினக்ஸிலேயே கம்பைல் செய்து ஓட்டிப்பார்க்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரே இல்லாத டெவலப்பரும் தன் மாற்றம் அங்கே உடையுமா என்று பார்த்துக்கொள்ளலாம். உங்கள் குழுவில் யாரும் தினமும் நடக்காத பாதை ஒன்று நிரலில் இருந்தால், அதை எல்லாருடைய மேஜையிலும் நடக்க முடிகிற மாதிரி ஆக்குங்கள்.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் எப்படி லினக்ஸுக்கு வந்தது?

தலைகீழ் வழியில் வந்தது. எஞ்சினை மாற்றாமல், அதற்குக் கீழே விண்டோஸ் மாதிரியே பேசும் ஓர் அடுக்கை வைத்தார்கள். மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சிப் பிரிவில் நடந்த ‘டிராபிரிட்ஜ்’ திட்டத்தை எடுத்து, எஸ்கியூஎல் சர்வருக்குள் ஏற்கெனவே இருந்த அடுக்கோடு சேர்த்து ‘எஸ்கியூஎல்-பால்’ என்று ஆக்கினார்கள். 2017 பதிப்பு அப்படித்தான் லினக்ஸில் வெளியானது. நிரல் மிகப் பெரியது, பழையது என்றால் இது நியாயமான வழி. புதிதாக எழுதுபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். இன்னொரு இயங்குதளத்தின் குணத்தை முழுதாக நடித்துக் காட்டுவதற்குப் பெரிய குழு வேண்டும்.

டிஸ்க்கில் எழுதச் சொன்னால் எழுதிவிடும்தானே? இதில் தளத்துக்குத் தளம் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். டேட்டா தொலைவது பெரும்பாலும் இங்கேதான்.

‘ரைட்’ என்று அழைத்தால் டேட்டா இயங்குதளத்தின் மையமான கர்னலின் மெமரிக்குப் போகும், அவ்வளவுதான். டிஸ்க்கில் இறக்க ‘எஃப்சிங்க்’ அழைக்க வேண்டும். மேக்கில் எஃப்சிங்க் அழைத்தாலும், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தற்காலிக மெமரிவரை தள்ளிவிட்டு அது திரும்பிவிடலாம். முழுதாக இறக்க ‘எஃப்-ஃபுல்-எஃப்சிங்க்’ என்ற தனிக் கட்டளை உண்டு. விண்டோஸில் இதே வேலைக்கு வேறு அழைப்பு.

லினக்ஸில் நடந்ததுதான் பலரையும் உலுக்கியது. 2018-ல் போஸ்ட்கிரெஸ் குழுவினர் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். எஃப்சிங்க் ஒரு முறை தோற்றுவிட்டால், கர்னல் பிழையைச் சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தப் பக்கங்களைச் “சுத்தம்” என்று குறித்துவிட வாய்ப்பு இருந்தது. போஸ்ட்கிரெஸ், பிழை வந்தால் அடுத்த செக்பாயின்ட்டில் (மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கும் கட்டம்) மறுபடி முயலும். இரண்டாம் முறை எஃப்சிங்க் “வெற்றி” என்று திரும்பும். டேட்டா டிஸ்க்கில் இருக்காது. அதன்பிறகு, மாற்றங்களைக் குறித்துவைத்த பழைய லாக்கும் அழிக்கப்படும். மறுமுயற்சி செய்தால் சரியாகும் என்று எல்லாரும் பல வருடங்களாக நம்பியிருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் 11.2-லும், அப்போது ஆதரவில் இருந்த பழைய பதிப்புகளிலும் திருத்தம் வந்தது. எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸ் உடனே தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. திரும்ப எழும்போது லாக்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் சேவை நிற்கும், ஆனால் டேட்டா தொலையாது. பழைய மாதிரி நடந்துகொள்ள ஒரு செட்டிங்கும் கொடுத்தார்கள். ஆனால் அது தானாக இயங்காது, தெரிந்து கேட்பவர்தான் அதை ஆன் செய்ய வேண்டும்.

உங்கள் எஞ்சினில் எஃப்சிங்கின் விடையைப் பார்க்காமல் விட்ட இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதை மட்டும் இன்றே தேடிப் பாருங்கள்.

எத்தனை செட்டிங் கொடுப்பது? எல்லாவற்றையும் பயனரே மாற்றட்டும் என்று விடலாமா?

எனக்குத் தெரியாததை நீயே முடிவு செய் என்று பயனரின் தலையில் கட்டுவதற்குச் செட்டிங் ஒரு வழியாகிவிடக் கூடாது. முதலில் சூழலையே கேளுங்கள்.

போஸ்ட்கிரெஸில் புதிய டேட்டாபேஸ் உருவாக்கும் கட்டளை, பெரிய மதிப்பிலிருந்து தொடங்கி, இந்த இயந்திரம் எவ்வளவு பொது மெமரி தரும், எத்தனை இணைப்பு தாங்கும் என்று உண்மையில் ஓட்டிப் பார்த்து, ஒத்துவந்ததை எழுதிவைக்கிறது. 128 எம்பி, 100 இணைப்பு என்று நீங்கள் செட்டிங்கில் பார்ப்பது அந்தச் சோதனையில் தேறிய மதிப்பு.

இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. மெமரியைப் பெரிய துண்டுகளாகத் தரும் லினக்ஸின் ‘ஹியூஜ் பேஜஸ்’ வசதிக்கான செட்டிங்குக்கு 9.4-லிருந்து மூன்று மதிப்புகள் உண்டு: ஆன், ஆஃப், ட்ரை. முன்னிருப்பு ட்ரை. வசதி இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் சாதாரண மெமரியில் ஓடு. ஆன் என்று வைத்தால், வசதி கிடைக்காதபோது சர்வர் எழவே எழாது. இருந்தால் நல்லது, இருந்தே ஆக வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே செட்டிங் பிரித்துக் காட்டுகிறது. ஆன், ஆஃப் என்று இரண்டோடு நிறுத்தும் முன் ஒவ்வொரு வசதிக்கும் இந்த மூன்றாவது தேவையா என்று யோசியுங்கள்.

2025 செப்டம்பரில் வந்த 18-ம் பதிப்பும் இதே வழியில்தான் போகிறது. அசின்க்ரனஸ் வாசிப்புக்கு (டிஸ்க்குக்காகக் காத்து நிற்காமல் படிப்பது) லினக்ஸின் ‘ஐஓ-யூரிங்’ இருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் தனிப் பிராசஸ்கள் படித்துத் தரும், எங்கும் ஓடும் ‘வொர்க்கர்’ முறையை முன்னிருப்பாக வைத்து, யூரிங்கை விரும்புபவர்களுக்கு விட்டார்கள்.

சில செட்டிங்குகளை இல்லாமலேயே ஆக்கலாம். பழைய போஸ்ட்கிரெஸ் எழ வேண்டுமானால் கர்னலின் பொது மெமரி வரம்பை முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராகப் போய் உயர்த்த வேண்டும். நிறுவும் வழிகாட்டிகளில் அதற்கென்றே பக்கங்கள் இருந்தன. 2013-ல் வந்த 9.3-ல் பெரும்பகுதி மெமரியை வேறு வழியில் கேட்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த வேலையே தேவையில்லாமல் போனது.

கன்டெய்னரில் வைக்கும்போது எது உடைகிறது?

மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் அடிக்கடி வருபவை.

மெமரியை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தில் 64 ஜிபி இருக்கும், உங்கள் கன்டெய்னருக்கு 2 ஜிபிதான் வரம்பு. “மொத்த மெமரியில் கால் பங்கு எடுத்துக்கொள்வேன்” என்று உங்கள் எஞ்சின் பழைய வழியில் கர்னலைக் கேட்டால் 64 என்றுதான் பதில் வரும். 16 ஜிபி எடுக்கப் போய், பாதியில் கர்னல் அதைக் கொன்றுவிடும். கன்டெய்னருக்கு லினக்ஸ் வைக்கும் ‘சிகுரூப்’ வரம்பைப் படிக்க வேண்டும், அது இல்லாவிட்டால்தான் இயந்திரத்தின் மொத்தம்.

அப்புறம் பொது மெமரி. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர், தன் கன்டெய்னருக்குள் ‘டெவ்-எஸ்எச்எம்’ பகுதிக்கு 64 எம்பி மட்டும் தருகிறது. போஸ்ட்கிரெஸ் பெரிய கேள்வியைப் பல வொர்க்கர்களாகப் பிரித்து ஓட்டும்போது அந்த இடத்தைப் பயன்படுத்தும். சாதாரண இயந்திரத்தில் ஓடிய கேள்வி இங்கே “இடம் இல்லை” என்று நிற்கும். டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கும். முதல்முறை பார்ப்பவர் குழம்பித்தான் போவார். பிழைச் செய்தியில் எந்த இடம் நிறைந்தது என்று பெயரோடு சொல்லுங்கள்.

மூன்றாவது, நிறுத்துவது. டாக்கர் வழக்கமாக, நிறுத்தச் சொல்லும் ‘சிக்டெர்ம்’ என்ற சைகையை அனுப்பி 10 விநாடி காத்திருந்து, பிறகு வலுக்கட்டாயமாகக் கொல்லும். போஸ்ட்கிரெஸுக்குச் சிக்டெர்ம் என்றால் “புது ஆளைச் சேர்க்காதே, இருப்பவர்கள் போகும்வரை காத்திரு” என்று பொருள். இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும் ஒரு வெப் ஆப் போதும், 10 விநாடி தீர்ந்துவிடும். அதனால்தான் டாக்கரில் கிடைக்கும் அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரெஸ் படிமம் (கன்டெய்னரைத் தொடங்கப் பயன்படும் தயார்ப் பொதி), உடனே இணைப்புகளைத் துண்டித்துச் சுத்தமாக மூடச் சொல்லும் ‘சிக்இன்ட்’ வரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

செட்டிங்கை வெளியிலிருந்து குபர்நெட்டிஸ் (பல கன்டெய்னர்களை மேய்க்கும் மென்பொருள்) போன்ற ஒன்று நிர்வகிக்கிறது என்றால், உள்ளே இருந்து ஒருவர் எஸ்கியூஎல் கட்டளையால் அதை மாற்றினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இதற்காகவே போஸ்ட்கிரெஸ் 17-ம் பதிப்பில் அந்தக் கட்டளையை மூடிவைக்க ஒரு செட்டிங் வந்தது.

அகர வரிசை தளத்துக்குத் தளம் மாறுமா?

மாறும். தமிழில் எழுதுபவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி.

மலர், மவுனம், மழை, மறை. இது அகராதி வரிசை: ல, வ, ழ, ள, ற, ன. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் அந்த எண்கள் இந்த வரிசையில் இல்லை. ற முதலில், பிறகு ல, ள, ழ, வ. எண் வரிசைப்படி அடுக்கும் ‘சி’ முறையில் மறை, மலர், மழை, மவுனம் என்று வரும். ந-வை அடுத்தே ன வந்துவிடும், ப-வுக்கு முன்னால். பெயர்ப் பட்டியல் அச்சிடும் எந்தப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் இது தப்பாகத்தான் தெரியும். தமிழ் விதிப்படி அடுக்க ஐசியு என்ற நிரல் நூலகத்தில் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) தமிழுக்கான வரிசை இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து அதைப் பயன்படுத்தலாம்.

இதைவிட ஆபத்தானது, வரிசை பின்னாளில் மாறுவது. இண்டெக்ஸ் என்பது வரிசைப்படி அடுக்கிய பட்டியல். அடுக்கிய விதி மாறினால், இருக்கும் பதிவையே “இல்லை” என்று சொல்லும். லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சி, 2018-ல் வந்த 2.28 பதிப்பில் வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. பல அமைப்புகளில் “11” முன்னும் “1-1” பின்னும் வந்தது, அதன்பிறகு இடம் மாறியது. இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தி, டேட்டா ஃபோல்டரை அப்படியே விட்டவர்களின் இண்டெக்ஸ்கள் கெட்டன.

எங்கள் குழுவே ஒரு முறை இதில் சிக்கியது. ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையின் படிமத்தில் ஓடிய டேட்டாபேஸை, அதே டேட்டா ஃபோல்டரோடு டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் படிமத்துக்கு மாற்றினோம். ஆல்பைனில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருப்பது மசில் நூலகம், வரிசை விதி வேறு. ஒன்றுக்கு மேல் வரவே கூடாத வாடிக்கையாளர் ஐடி இரண்டு முறை பதிவானபோதுதான் தெரிந்தது. எல்லா இண்டெக்ஸையும் திரும்பக் கட்டுவதற்கு முன், இரட்டிப்பான பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது.

உங்கள் எஞ்சின் என்ன செய்யலாம்? வரிசை விதியின் பதிப்பு எண்ணை டேட்டாவோடு எழுதிவையுங்கள், எழும்போது ஒப்பிடுங்கள், மாறியிருந்தால் உரக்கச் சொல்லுங்கள். இன்னும் பலமான வழி, விதியை உங்கள் மென்பொருளுக்குள்ளேயே வைப்பது. போஸ்ட்கிரெஸ் 17 அப்படி ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அது நிலையானது, ஆனால் எண் வரிசைதான். இண்டெக்ஸுக்கு அதையும், தமிழ்ப் பட்டியல் காட்டும் இடத்தில் மட்டும் ஐசியுவையும் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

டேட்டா ஃபைலை அப்படியே வேறு இயந்திரத்துக்கு நகலெடுக்கலாமா?

எஸ்கியூலைட்டில் சரியாக மூடிய ஃபைலை எடுத்துப் போகலாம். 32 பிட், 64 பிட், பைட் வரிசை எதுவாக இருந்தாலும் ஃபைல் ஒன்றுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நீண்ட காலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று.

போஸ்ட்கிரெஸில் முடியாது. வேகத்துக்காக, இயந்திரத்தின் மெமரி அமைப்பை ஒட்டியே டிஸ்க்கிலும் எழுதுகிறது. ஆனால் தெரியாமல் கொண்டுபோனால் காப்பாற்றும். ஒரு கட்டுப்பாட்டு ஃபைலில் பக்க அளவோடு, 1234567.0 என்ற தசம எண்ணையும் எழுதிவைத்திருக்கும். எழும்போது அந்த எண் அதே எண்ணாகத் தெரியாவிட்டால், இது வேறு வகை இயந்திரத்தில் எழுதிய டேட்டா என்று புரிந்துகொண்டு நின்றுவிடும். தளம் மாற விரும்புபவர்களுக்கு டம்ப் எடுத்து (டேட்டா முழுவதையும் ஒரு ஃபைலில் எழுதி) ஏற்றும் வழியும், 10-ம் பதிப்பிலிருந்து, மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனும் இருக்கின்றன. இரண்டு முடிவுகளும் நியாயமானவைதான். எதை எடுத்தாலும் முதல் பதிப்பிலேயே எடுங்கள். ஃபைல் வடிவத்தைப் பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

நெட்வொர்க் டிரைவில் டேட்டாவை வைக்கலாமா?

பூட்டும் எஃப்சிங்கும் அங்கே சரியாக வேலை செய்யும் என்று நீங்களே சோதித்திருந்தால் வைக்கலாம். மாற்றங்களை முதலில் தனி லாக்கில் எழுதும் எஸ்கியூலைட்டின் டபிள்யூஏஎல் முறை மட்டும் கூடவே கூடாது. அது பொது மெமரியை நம்பியிருப்பதால், திறப்பவர்கள் எல்லாரும் ஒரே இயந்திரத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சின் எழுதவில்லை, ஆப் மட்டும்தான் எழுதுகிறேன். எனக்கு என்ன?

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் டேபிள் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயம் உங்களுக்கானது. டேபிள் பெயர் ஃபைல் பெயரோடு ஒட்டியிருந்ததால், லினக்ஸில் இரண்டும் வேறு வேறு, விண்டோஸில் ஒன்றுதான். விண்டோஸ் லேப்டாப்பில் ‘கஸ்டமர்’ என்பதை ஓரிடத்தில் பெரிய சி போட்டும் இன்னோரிடத்தில் சிறிய சி போட்டும் எழுதியிருப்பீர்கள், நன்றாக ஓடியிருக்கும். லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் “அப்படி ஒரு டேபிளே இல்லை” என்று வரும். மாற்ற ஒரு செட்டிங் உண்டு. ஆனால் 8.0-லிருந்து டேட்டா ஃபோல்டரை முதல்முறை உருவாக்கும்போது மட்டும்தான் வைக்க முடியும். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே எழுதிவிடுங்கள், தொல்லை இல்லை.

எத்தனை தளங்களை ஆதரிப்பதாக அறிவிக்கலாம்?

தினமும் எத்தனை தளங்களில் சோதிக்க முடியுமோ அத்தனை. போஸ்ட்கிரெஸுக்கு 2004-லிருந்து ‘பில்ட்ஃபார்ம்’ இருக்கிறது. பல நாடுகளில் தன்னார்வலர்கள் தங்கள் இயந்திரங்களில் புது நிரலை இறக்கி, கம்பைல் செய்து, சோதனைகளை ஓட்டி, முடிவை ஒரே பக்கத்துக்கு அனுப்புகிறார்கள். காலையில் ஒருவர் சேர்த்த மாற்றம், எங்கோ இருக்கும் வித்தியாசமான பிராசஸரில் உடைந்தால் அன்றே தெரிந்துவிடும்.

கைவிடவும் தெரிய வேண்டும். போஸ்ட்கிரெஸின் 16-ம் பதிப்பில் எச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் வகைக்கான ஆதரவை எடுத்தார்கள். 17-ல் ஏஐஎக்ஸ் என்ற இன்னொரு யூனிக்ஸ் வகைக்கான ஆதரவை எடுத்தார்கள். ஏஐஎக்ஸின் கம்பைலருக்காக நிரலில் ஒட்டுகள் சேர்ந்துகொண்டே போயின, கேட்பவர்கள் குறைந்தார்கள், பொறுப்பெடுத்துப் பராமரிக்க ஆள் முன்வரவில்லை. காரணத்தை வெளிப்படையாக எழுதிவிட்டே எடுத்தார்கள். அங்கே ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய பதிப்புகளின் ஆதரவுக் காலம் முடியும்வரை திருத்தங்கள் கிடைக்கும், அதற்குள் இடம் மாறிக்கொள்ளலாம். உங்கள் பட்டியலில் ஒரு தளம் இருந்து, அதைச் சோதிக்க இயந்திரம் இல்லை என்றால், அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் அதை எடுப்பதாகத் தேதியோடு எழுதிவிடுங்கள். யாராவது இயந்திரம் தர முன்வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.